மறைந்த கராத்தேக்காரரை நினைவுகூர்தல்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் நாங்கள் நடத்தும் கராத்தே வகுப்பின் பதிவேடு பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. வகுப்பில் பயின்றும் கற்பித்தும் மறைந்தவர்களின் விவரங்களை அதன் பின்பக்கங்களில் ஒழுங்காக எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, செத்தவீட்டு முற்றத்திலும் மைதானத்து ஓரத்திலும் பெற்றோரும் பழைய மாணவரும் அயல் வகுப்புகளின் ஆசிரியர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் கேட்கின்றனர். அவர்கள் கேட்டவாறே கேள்விகளை எழுதி, நாங்கள் பின்பற்றும் முறையையும் அதற்கான காரணத்தையும் கீழே தருகிறேன். வேறு வகுப்புகளில் வேறு முறை இருக்கலாம், அதில் தவறில்லை.

வீட்டுக்காரர் திவசம் செய்யினம்தானே, கராத்தே வகுப்பு ஏன் தனியா நினைவுகூர வேணும்?

வீட்டார் நினைவுகூருவது தங்கள் மகனை, கணவரை, தாயை. வகுப்புக்கு மட்டுமே தெரிந்த பகுதி ஒன்று ஒவ்வொருவரிடமும் இருந்தது. யாருடைய நிற்கும் நிலையை யார் திருத்தினார், மழைக்காலத்தில் மண்டபத்துக்குள் வந்த தண்ணீரை யார் முதலில் வந்து தள்ளினார், பயந்து அழுத பிள்ளையை யார் கையில் பிடித்து வரிசையில் நிறுத்தினார் என்பவையெல்லாம் வீட்டாருக்குத் தெரியாது. வகுப்பு எழுதி வைக்காவிட்டால், பத்து ஆண்டுகளில் அவை எவருக்கும் தெரியாமற் போய்விடும்.

கராத்தே இப்படித்தான் பெயர் பெயராகக் கைமாறி வந்த கலை. ஷிட்டோ ரியூ என்ற பாணியின் பெயரே இரண்டு ஆசிரியர்களின் நினைவு: கென்வா மபுனி தம் ஆசிரியர்களான இட்டோசு, ஹிகஷியொன்னா ஆகிய இருவரின் பெயர்களிலிருந்தும் முதல் எழுத்தை எடுத்து அதை அமைத்தார். அந்த இருவரும் 1915 ஆம் ஆண்டிலேயே மறைந்தவர்கள். ஷொட்டோகன் என்பதில் உள்ள 'ஷொட்டோ', அந்தப் பாணியைத் தோற்றுவித்த கிச்சின் புனகோஷி கவிதை எழுதும்போது வைத்துக்கொண்ட புனைபெயர். 'கன்' என்றால் மண்டபம். ஒவ்வொரு நாளும் பாணியின் பெயரைச் சொல்லும் பிள்ளைகள் மறைந்தவர் ஒருவரின் பெயரைத்தான் சொல்கின்றனர் என்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

கறுப்புப் பட்டி எடுத்த ஆக்களின்ட பேர் மட்டும்தான் போடுவீங்களோ?

இல்லை. மூன்று மாதம் வெள்ளைப் பட்டியோடு வந்து, பிறகு நோய்வாய்ப்பட்டு மறைந்த பிள்ளையின் பெயரும் எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. ஒரு நாளேனும் கராத்தே பழகாத ஒருவரும் அதில் இருக்கிறார்: மண்டபத்தின் திறப்பை வைத்திருந்து, எத்தனையோ ஆண்டுகள் விடியற்காலையில் எங்களுக்காகக் கதவு திறந்த காவலாளி. அவருடைய பெயரைச் சேர்த்தபோது சிலர் முகம் சுளித்தனர். அவர் இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றிருப்போம் என்று மட்டும் சொன்னேன்.

பதிவேட்டில என்ன என்ன எழுதுவீங்க?

முழுப்பெயர், வகுப்பில் அழைத்த பெயர், சேர்ந்த ஆண்டு, யாரிடம் பழகினார், யாருக்குச் சொல்லிக்கொடுத்தார், மறைந்த திகதி, அவர் வகுப்புக்குச் செய்த ஏதாவது ஒரு காரியம். கடைசியாக, இந்த விவரத்தைச் சொன்னவர் யார் என்பது. இந்தக் கடைசி நிரல்தான் என் பார்வையில் முக்கியமானது. சொன்னவரின் பெயர் இருந்தால், பின்னர் ஐயம் வரும்போது போய்க் கேட்கலாம். அவரும் இல்லையென்றால், அவரிடம் கேட்டு எழுதியது என்ற மதிப்பாவது மிஞ்சும்.

செத்தவீட்டுக்குப் பிள்ளைகள் கராத்தே உடுப்போட போகலாமோ?

முதலில் வீட்டாரிடம் கேளுங்கள். அவர்கள் விரும்பினால், பெரிய மாணவர் சிலர் சுத்தமான உடுப்போடு சென்று, வாசலில் நின்று தலைவணங்கிவிட்டு வருவது போதும். முற்றத்தில் கட்டளை கொடுத்துக் கத்துவதும், பாடையைச் சுற்றி அடவு காட்டுவதும் வேண்டாம். அங்கே பறை முழங்கலாம், தேவாரம் ஓதலாம், செபமாலை சொல்லலாம். அந்த ஒலிகளுக்கு நடுவே நம்முடைய ஒலிக்கு இடமில்லை. வெறுங்காலோடு போவதுதான் மரியாதை என்று எண்ணி, சித்திரை வெயிலில் தார் வீதியில் சிறுபிள்ளைகளை நிறுத்தி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். செருப்பணிந்து போகச் சொல்லுங்கள்.

முஸ்லிம் வீடு என்றால் நேரம் மிகவும் குறைவு. மவுத்தான செய்தி கிடைத்து ஒரு நாளுக்குள் ஜனாஸா அடக்கம் செய்யப்பட்டுவிடும். கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கும் மாணவரின் வீட்டுக்குப் போவதற்கு உடுப்பு, அணி என்று ஒழுங்குசெய்து கொண்டிருந்தால் அடக்கம் முடிந்திருக்கும். சாதாரண உடையில் உடனே புறப்படுங்கள்.

எந்த நாளில நினைவுகூருறது, செத்த திகதியிலயோ திதியிலயோ?

சைவ வீடுகளில் ஆண்டுத் திவசம் மாதம், பட்சம், திதி பார்த்துச் செய்யப்படுவதால் அந்த நாள் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் மாறும். முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவானது. அதுவும் நகர்ந்துகொண்டே போகும். கத்தோலிக்கர் இறந்த திகதியிலும், நவம்பர் 2 ஆம் திகதி கல்லறைகளிலும் வேண்டுதல் செய்வர். சிங்கள மாணவரின் வீட்டில் ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் தானம் கொடுப்பர். இவை யாவும் வீட்டாரின் நாட்கள். வகுப்பு அவற்றில் தலையிடுவதில்லை, அழைத்தால் போகிறோம்.

வகுப்புக்கென்று ஆண்டில் ஒரு நாளை, எல்லோரும் வரக்கூடிய விடுமுறை நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வதே நல்லது. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. புனகோஷி மறைந்தது 1957 ஏப்ரல் 26 ஆம் திகதி. ஆனால் ஜப்பானில் கமக்குரா நகரின் எங்கக்குஜி ஆலயத்தில் உள்ள அவருடைய நினைவுக்கல்லின் முன் அவர் வழிவந்தோர் கூடுவது அங்கே விடுமுறை நாளான ஏப்ரல் 29 இல். கியோகுஷின் பாணியைத் தோற்றுவித்த மாஸ் ஓயாமா மறைந்ததும் ஓர் ஏப்ரல் 26 தான், 1994 இல். இரண்டு பாணிகளும் இயங்கும் ஊர்களில் இது சில வேளை குழப்பத்தைத் தருவதால் குறிப்பிடுகிறேன்.

சைவ வீட்டாரை அழைப்பதானால் 31 ஆம் நாள் அந்தியேட்டி முடியும்வரை பொறுத்திருங்கள். துடக்குக் காலத்தில் அவர்களை மண்டபத்துக்கு அழைத்து விளக்கேற்றச் சொல்வது அவர்களைச் சங்கடப்படுத்தும். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ததாக ஐதிகம் சொல்லும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் மாவட்டத்தில் வாழும் நமக்கு, அந்தியேட்டி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அண்டைக்கு வகுப்பில என்ன செய்யிறது? ஒரு நிமிஷம் நிண்டால் காணுமோ?

பயிற்சி வழக்கம்போல நடக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரும் வரிசையாக அமர்வர். பதிவேட்டில் உள்ள பெயர்கள் வாசிக்கப்படும். ஒவ்வொரு பெயரோடும் சேர்ந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, அவர் செய்த ஒரு காரியம். பிறகு மொக்குசோ என்று நாம் சொல்லும் கண்மூடிய அமைதி ஒரு நிமிடம். பின் வழக்கமான வணக்கத்தோடு வகுப்பு கலையும்.

பேச்சு வேண்டாம் என்பது என் பிடிவாதம். ஒருவருக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தால் அவர் மறைந்தவரைப் பற்றி இரண்டு வசனமும், மறைந்தவர் தம்மை எப்படிப் பாராட்டினார் என்பதைப் பற்றி இருபது வசனமும் பேசுவார். முழங்கால் மடித்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் கால் மரத்துவிடும்.

படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைக்கிறீங்க, முஸ்லிம் பிள்ளைகள் அதுக்குக் குனியலாமா?

குனிய வேண்டியதில்லை, குனியும்படி எவரும் சொல்லவும் கூடாது. செய்சா என்னும் முழங்கால் மடித்து அமரும் நிலையில் நெற்றி தரைக்கு நெருங்கும்படி குனிவது தொழுகையின் சுஜூதை ஒத்திருக்கிறது. இறைவனைத் தவிர வேறெதற்கும் அதைச் செய்யக்கூடாது என்பது அவர்களுடைய மார்க்கம். இந்தக் கேள்வியை ஒரு தந்தை கேட்டபோதுதான், நாங்கள் அதுவரை யோசிக்காமலே இருந்திருக்கிறோம் என்பது புரிந்தது.

இப்போது மண்டபத்தில் படமும் மாலையும் விளக்கும் வைப்பதில்லை. பெயர்களை வாசிக்கும்போது எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இரு வரிசைகளாக இருப்போம். கடைசி வணக்கம் எதிரில் இருப்பவருக்கு, தலையை மட்டும் சற்றுத் தாழ்த்தி. அதுவும் வேண்டாமென்பவர் அமைதியாக இருந்தால் போதும். ஒரு நிமிட அமைதியில் யார் தேவாரத்தை நினைத்தார், யார் துஆச் செய்தார் என்பது வகுப்புக்குத் தேவையில்லாத விடயம். படத்துக்கு விளக்கேற்ற விரும்பும் வீட்டார் அதைத் தங்கள் வீட்டில் செய்கின்றனர், நாங்களும் அங்கே போகிறோம்.

இறந்தவருக்கெண்டு தனியா ஒரு கட்டா இருக்குதாமே?

கட்டா என்பது வரிசைமுறையாக வகுக்கப்பட்ட அசைவுகளின் தொடர். ஷொட்டோகன், கோஜூ ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ ஆகிய நான்கு பெரும் பாணிகளிலும் இரங்கலுக்கென்று வகுக்கப்பட்ட கட்டா எதுவும் இல்லை. யாராவது கட்டணம் வாங்கிக்கொண்டு அப்படி ஒன்றைச் சொல்லித்தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். மறைந்தவர் விரும்பிச் செய்த கட்டாவை, அவரிடம் பழகிய ஒருவர் செய்வதே பொருத்தம். அவர் ஏழு ஆண்டுகளாக மஞ்சள் பட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது முதலாவது ஹெயான் என்ற தொடக்கநிலைக் கட்டா என்றால், அதுவே அவருடைய கட்டா.

ஆசிரியர் இட்டோசு மறைந்த பின், மபுனி ஓராண்டு காலம் நாள்தோறும் அவருடைய கல்லறைக்குச் சென்று கட்டா செய்தார் என்றொரு கதை கராத்தேக்காரரிடையே வழங்குகிறது. கதையில் எவ்வளவு உண்மையோ, அதைக் கேட்ட இளைஞர் சிலர் இந்து மயானத்துக்குப் போய்க் கட்டா செய்ய அனுமதி கேட்டனர். நான் மறுத்தேன். கராத்தே பிறந்த ஒக்கினாவாவில் கல்லறை குடும்பம் கூடும் இடம். நம்மிடம் சுடலைக்கு வேறு ஒழுங்கு உண்டு.

அவரின்ட கறுப்புப் பட்டியைப் பெட்டிக்குள்ள வைக்கிறதோ, வகுப்பில வைக்கிறதோ?

பட்டி வீட்டாருக்கு உரியது. கத்தோலிக்க வீட்டார் பெட்டிக்குள் வைக்க விரும்பலாம். சைவ வீட்டார் உடலின் மேல் வைத்துவிட்டு எரியூட்டுமுன் எடுத்துக்கொள்வதும் உண்டு, எடுக்காமல் விடுவதும் உண்டு. ஜனாஸாவில் கபன் துணியைத் தவிர எதுவும் வைக்கப்படாது. அங்கே இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

ஒரு வீட்டில் எட்டாம் நாளில் பட்டியைக் காணவில்லை என்று தேடினர். நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்று மாணவர் ஒருவர் சொல்லாமல் எடுத்துப் போயிருந்தார். அவருடைய அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தத் தாய் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற நிலையை நான் மறக்கவில்லை. வீட்டார் தாமாகத் தந்தால் மட்டுமே பெற்று, தந்தவர் பெயரோடு பதிவேட்டில் எழுதி வைக்கிறோம்.

செத்தாப் பிறகு ஒரு டான் கூட்டிக் குடுக்கலாமா?

டான் என்னும் கறுப்புப் பட்டித் தரத்தை வழங்கும் அமைப்பே அதைச் செய்ய முடியும்; மறைவுக்குப் பின் தரம் வழங்கும் வழக்கம் கராத்தேயில் உண்டு. உள்ளூர் வகுப்பு தானாக ஒரு சான்றிதழ் அச்சிட்டுக் கொடுப்பதில் பொருளில்லை. அமைப்பு வழங்கினால், 'மறைவுக்குப் பின்' என்ற இரு சொற்களையும் சேர்த்தே எழுதுகிறோம். அப்படி எழுதுவது குறைவு அன்று.

கல்வெட்டில 'சர்வதேச சம்பியன்' எண்டு போட்டிருக்கினம், நீங்க ஏன் போடேல்லை?

31 ஆம் நாளில் வீட்டார் வெளியிடும் கல்வெட்டு என்னும் நினைவு நூல் துயரத்தின் மொழியில் எழுதப்படுவது. அதில் மகன் சூரியனாகவும் சிங்கமாகவும் இருக்கலாம். யாரும் கணக்குக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. பதிவேட்டின் மொழி வேறு. மாவட்டப் போட்டியில் மூன்றாமிடம் என்றால் மூன்றாமிடம் என்றே இருக்கும்.

மூன்றாமிடத்தை முதலிடமாக்கினால், அந்தப் போட்டியில் உண்மையாக முதலிடம் பெற்றவரை அழித்துவிடுகிறோம். அவரும் இந்த ஊரில்தான் இருப்பார், அல்லது இதே பட்டியலில் இருப்பார்.

சண்டைக்குள்ளயும் சுனாமியிலயும் செத்தவையின்ட கடுதாசி ஒண்டும் இல்லை. திகதியும் தெரியாது. விட்டுறுறதோ?

விட வேண்டாம். 1990 இடப்பெயர்வின்போது வீட்டை விட்டு ஓடியவர்கள் கராத்தேச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடவில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனவற்றில் படங்களும் பட்டிகளும் இருந்தன. தெரிந்ததை மட்டும் எழுதுகிறோம்: 'உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருவார், கண்ணாடி அணிந்தவர், 1987 அளவில் பழகினார்' என்பதும் ஒரு பதிவே. திகதி இல்லாத இடம் வெறுமையாக இருக்கட்டும்; ஊகத்தால் நிரப்பாதீர்கள். சுனாமியில் மறைந்தோருக்கு மட்டும் திகதி எல்லோருக்கும் தெரியும்.

கராத்தேயின் வரலாற்றிலும் இத்தகைய வெறுமை உண்டு. 1945 இல் குண்டுவீச்சில் டோக்கியோவின் ஷொட்டோகன் மண்டபம் எரிந்தது. அதே ஆண்டில் புனகோஷியின் மகன் கிகோ காசநோயால் இறந்தார். ஒக்கினாவாப் போரில், கோஜூ ரியூவைத் தோற்றுவித்த சோஜுன் மியாகி தம் வாரிசாக எண்ணியிருந்த மாணவர் ஜினான் ஷின்சாட்டோ கொல்லப்பட்டார். மிஞ்சியவர்கள் நினைவிலிருந்துதான் மீண்டும் தொடங்கினர்.

காணாமற்போன ஒருவரின்ட பேரையும் இந்தப் பட்டியலில சேர்க்கலாமே?

சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டோம். அவர் இறந்துவிட்டார் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. தாயொருத்தி இன்னமும் அவர் படத்தை நெஞ்சில் அணைத்தபடி வீதியோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கையில், வகுப்பு அவருக்கு 'அமரர்' என்று எழுதுவது கொடுமை. மாலையும் இல்லை, திதியும் இல்லை.

ஆனால் பெயர் இல்லாமலும் இல்லை. வகுப்பில் பழகியவர் என்ற முறையில் மாணவர் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. கடைசியாக வகுப்புக்கு வந்த நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. வரவுப் பதிவேட்டிலிருந்து அந்தப் பெயரை ஒருபோதும் வெட்டுவதில்லை. ஆண்டு நாளில் மறைந்தவர் பெயர்களோடு சேர்த்து வாசிப்பதுமில்லை. வீட்டார் என்றாவது தாமாக வந்து வேறுவிதமாகச் சொன்னால், அன்று மாற்றுவோம்.

தானா உயிரை விட்ட பிள்ளையின்ட பேரை வாசிக்கலாமா?

மற்றவர்களின் பெயரைப் போலவே வாசிக்கலாம். இறந்த காரணத்தை எவருக்கும் எழுதுவதில்லை. ஆகவே இவருக்கும் எழுதுவதில்லை. 'வீரனுக்கு இப்படி ஒரு முடிவா' என்ற பேச்சை மண்டபத்தில் அனுமதிக்காதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, அதே நிலையில் இன்னொரு பிள்ளை வரிசையில் இருக்கக்கூடும். அப்படி எவரேனும் தெரிந்தால் தனியே அழைத்துப் பேசுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

எங்களை விட்டுப் பிரிஞ்சு போய் வேற வகுப்புத் தொடங்கினவரையும் போட வேணுமோ?

வேண்டும். பிரிந்த ஆண்டையும் எழுதுங்கள், பிரிவின் காரணத்தை எழுதாதீர்கள். காரணம் பற்றி இரண்டு பக்கமும் இரண்டு கதை சொல்லும், இரண்டிலும் சொல்பவரே நல்லவராக இருப்பார்.

மாஸ்டர் பிள்ளைகளுக்குக் கண்டபாட்டுக்கு அடிச்சவர். அவருக்கும் நாங்க எழும்பி நிக்கிறதோ?

இதைக் கேட்டவர் இப்போது ஐம்பது வயதைக் கடந்தவர். கேட்கும்போது அவர் குரல் தணிந்திருந்தது. யாரிடம் யார் பழகினார் என்ற தொடர்ச்சியில் அந்த ஆசிரியரின் பெயரை மறைக்க முடியாது. மறைத்தால் பதிவேடு பொய்யாகும். ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பது ஒன்று, மரியாதை செய்வது மற்றொன்று. அவர் செய்த ஒரு காரியம் என்ற இடத்தில் புகழ்ச்சி எழுதவில்லை. ஆண்டு நாளில் அவருக்காக அமைதி காக்கும்படி எவரையும் கேட்பதில்லை. அந்நேரம் வெளியே போய் நிற்பவரை ஏன் என்று கேட்பதுமில்லை.

கடுமையான பயிற்சி வேறு, பிள்ளையைக் காயப்படுத்துவது வேறு. இரண்டையும் கலந்து 'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அந்தக் காலத்திலும் அடிக்காமல் கற்பித்தவர்கள் இதே பட்டியலில் இருக்கின்றனர். உயிரோடு இருக்கும் எவராலும் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் அது நினைவுகூரல் பற்றிய கேள்வியே அன்று. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

மாஸ்டரின்ட பேரில ஞாபகார்த்தக் கிண்ணப் போட்டி வைக்கலாமா?

வீட்டாரின் சம்மதம் இருந்தால் வைக்கலாம். தொடங்குமுன் மண்டப வாடகை, நடுவர் செலவு, பதக்கங்கள் ஆகியவற்றை எத்தனை ஆண்டு தாங்க முடியும் என்று கணக்குப் பாருங்கள். இரண்டாம் ஆண்டிலேயே நின்றுபோன ஞாபகார்த்தக் கிண்ணம், தொடங்காமலே இருந்ததைவிட வீட்டாரை வருத்தும். பதாகையில் அனுசரணையாளரின் பெயர் மறைந்தவரின் பெயரைவிடப் பெரிதாக வருமானால் போட்டிக்கு வேறு பெயர் வையுங்கள்.

பதக்கம் வாங்கிய பிள்ளையிடம் கிண்ணத்தில் இருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டேன். போட்டி நடத்துகிற ஐயாவின் பெயர் என்றது. அதன் பிறகு சான்றிதழின் பின்புறத்தில் அவரைப் பற்றி இரண்டு வரி அச்சிடச் சொன்னோம்.

வெற்றி மேடையில இறந்த ஆளின்ட படத்தைப் பிடிக்கலாமா?

ஒக்கினாவாவைச் சேர்ந்த ரியோ கியுனா 2021 ஓகஸ்ட் 6 ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக் கட்டாவில் தங்கம் வென்றபோது, மறைந்த தம் தாயின் படத்தோடு மேடையேறினார். ஆகவே பிடிக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பிள்ளை தானாக விரும்ப வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. படத்தைக் கொடுத்து மேடைக்குத் தள்ளாதீர்கள்.

எங்கட அப்பாவும் உங்கட வகுப்பில பழகினவராம். பேர் இருக்குதோ எண்டு பாக்கலாமா?

பார்க்கலாம். வகுப்பு நடக்கும் நாளில் மண்டபத்துக்கு வாருங்கள். பழைய குழுப் படம் ஏதும் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள். சட்டத்துக்குள் இருந்தால் கழற்றியே கொண்டுவாருங்கள், பெயர்களும் ஆண்டும் பெரும்பாலும் படத்தின் பின்புறத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் சிலருக்கு எங்களிடம் இன்னும் பெயரில்லை.